அடுப்பும் காடும்

சத்தியமங்கலம் வனப்பகுதி 2008-ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாகவும், 2013-ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அத்தகைய காடுகளின் ஓரத்தில் வாழும் அங்கத்தினர்களின் இல்லங்களில் விறகு என்பது, யானை நடமாடும் தடத்தில் பெண்கள் நடந்து சென்று தலைச்சுமையாகக் கொண்டுவரும் பொருளாகும். ஆகவே அடுப்பில் வீணாகும் ஒவ்வொரு கட்டையும் காட்டுக்குள் மற்றொரு பயணத்தை அவர்கள்மீது சுமத்துகிறது. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் எரிவாயு இணைப்புப் பெற்ற வீடுகளிலும், உருளையின் விலையை எண்ணி, வெந்நீருக்கும் பாவுக்குக் கஞ்சி காய்ச்சவும் விறகையே நாடுவோர் உண்டு.

வெப்பம் எங்கே போகிறது?

மூன்று கல் அடுப்பில், விறகு தரும் வெப்பத்தில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கே பாத்திரத்தைச் சேருகிறது. எஞ்சியது கற்களின் இடைவெளிவழியே காற்றோடு போய்விடுகிறது. பச்சை விறகானால் அதிலுள்ள நீரை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கு செலவாகிறது. புகையும் மிகுந்து கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கிறது.

நல்ல அடுப்பின் இலக்கணம்

1. நெருப்பைச் சுற்றிலும் சுவர் இருத்தல் வேண்டும். விறகிடும் வாய் இரண்டு மூன்று சுள்ளிகள் நுழையும் அளவே போதுமானது.

2. பாத்திரத்துக்கும் அடுப்பின் சுவருக்கும் இடையே குறுகிய சந்து இருத்தல் வேண்டும். அப்போதுதான் அனல் பாத்திரத்தை உரசிச் செல்லும். குமிழ்கள் மிக உயர்ந்திருப்பின் அனல் வீணாகும்.

3. விறகின் அடியில் கம்பித்தட்டு இருந்தால் காற்று கீழிருந்து நுழையும், சாம்பலும் தங்காது.

4. கொடியடுப்பு இருப்பின், முதற் பாத்திரத்தைக் கடந்த அனல் இரண்டாம் பாத்திரத்துக்கு உதவும்.

புகைபோக்கி புகையை வெளியேற்றும். தானாக விறகை மிச்சப்படுத்தாது. அதன் இழுப்பு அளவுமீறினால் அனலையும் வெளியே கொண்டுபோய்விடும்.

ஏன் கைவிடப்பட்டன?

ஐதராபாத்தில் டாக்டர் எஸ். பி. ராஜு 1950-களிலேயே புகையில்லா அடுப்பை வகுத்தார். 1983 முதல் 2002 வரை தேசிய அளவில் மேம்பட்ட அடுப்புத் திட்டமும் நடைபெற்றது. ஆயினும் பல அடுப்புகள் நிலைக்கவில்லை. தணிக்கைக்குச் சென்ற ஒரு கிராமத்தில், அத்தகைய அடுப்பின்மேல் நெல்மூட்டை அடுக்கியிருக்கக் கண்டேன். "குழாய் அடைத்துக்கொண்டது ஐயா, துடைத்துத்தர ஒருவரும் வரவில்லை," என்றார் அவ்வீட்டு அம்மையார். அவர் பக்கத்திலேயே மூன்று கல் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார். குறை அவருடையது அன்று. அடுப்பைக் கொடுத்தவர்கள் பழுது பார்ப்பவரை ஏற்படுத்தாமல் போனதே குறை.

சங்கம் செய்யக்கூடியது

முதலாவது, சோதனை. நூல் நிறுக்கும் தராசே இதற்குப் போதும். ஒரே பாத்திரத்தில் ஐந்து லிட்டர் தண்ணீரை இரண்டு அடுப்பிலும் தனித்தனியே கொதிக்கவையுங்கள். விறகை முன்னும் பின்னும் நிறுத்து, செலவைக் குறித்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் சமைக்கும் பெண்களே அடுப்பெரிக்கட்டும். பொதுக்கூட்டத்தில் அவர்களே முடிவைக் கூறட்டும்.

இரண்டாவது, பராமரிப்பு. ஊரிலுள்ள குயவர் அல்லது கொத்தனார் ஒருவரைப் பழக்கி, மாதம் ஒருமுறை புகைபோக்கியைத் துடைக்கவும் விரிசலைப் பூசவும் ஏற்பாடு செய்து, அவருக்குரிய கூலியைச் சங்கம் முன்கூட்டியே நிர்ணயித்தல் நன்று.

மூன்றாவது, விறகைப் பிளந்து, மழைக்கு முன் கூரையடியில் உலர்த்துதல். இதற்குக் காசு செலவில்லை, இன்றே தொடங்கலாம்.

வாரத்தில் ஒரு சுமை குறைந்தாலும், ஒரு பெண் ஆண்டில் ஐம்பது முறைக்கு மேல் காட்டுக்குள் செல்லாதிருப்பாள். சங்கத்தின் பேரேட்டில் இந்த வரவு ஏறாது. அங்கத்தினரின் வீட்டில் அது தெரியும்.