செவிப்புலனுக்கு ஒரு புதுவழி

கண்ணிழந்தவரைக் கண்டால் இரக்கம் கொள்ளும் உலகம், காது கேளாதவரைக் கண்டால் நகைக்கிறது. ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று பழமொழியும் சொல்லி வைத்திருக்கிறோம். அந்தச் சங்கின் ஒலியை அந்தக் காதுக்குள்ளேயே சேர்ப்பிக்க வழி பிறந்து பல ஆண்டுகளாகிவிட்டன. நம் சமூகத்தாரில் பலர் இதை இன்னும் அறியாதிருப்பதால் இங்கே விளக்க முற்படுகிறோம்.

முதலில் காதின் வேலையைக் கவனிப்போம். நம் உட்காதில் நத்தை ஓடு போன்ற ஒரு சுருள் இருக்கிறது. அதனுள் சுமார் 15,000 நுண்ணிய மயிரிழை உயிரணுக்கள் உண்டு. வெளியிலிருந்து வரும் ஒலியதிர்ச்சியை மின்துடிப்பாக மாற்றி நரம்பிடம் ஒப்படைப்பவை இவையே. 1985-ல் பாலம் திறக்கப்படும் முன்னர், பட்டர்வொர்த் துறைக்கு வந்த சரக்கு பெர்ரியில் ஏறித்தான் நம் தீவுக்கு வந்து சேர்ந்தது. அந்த உயிரணுக்களைப் பெர்ரியாக எண்ணிக் கொள்ளுங்கள். பிறவிக் குறையாலோ, மூளைக் காய்ச்சலாலோ, சில கடுமையான மருந்துகளாலோ அவை அழிந்துவிட்டால் மீண்டும் முளைப்பதில்லை. காதில் மாட்டும் சாதாரணக் கேட்கும் கருவி ஒலியைப் பெருக்கித் தரும். அதாவது, துறைக்கு இன்னும் அதிக லாரிகளை அனுப்பும். பெர்ரியே இல்லாதபோது லாரிகள் பெருகி என்ன பயன்? பாலம் அல்லவா வேண்டும்! ‘காக்ளியர் இம்ப்ளான்ட்’ என்னும் உட்செவிக் கருவி அத்தகைய பாலமாகும். அது அழிந்துபோன உயிரணுக்களைக் கடந்து, மின்துடிப்பை நேரே நரம்பில் சேர்க்கிறது.

இதன் வரலாறும் அறியத்தக்கது. 1957-ல் பாரிஸ் நகரில் ஜூர்னோ, ஏரியே என்னும் இருவர் முதல் முயற்சி செய்தனர். 1961-ல் அமெரிக்காவில் டாக்டர் வில்லியம் ஹவுஸ் அதைத் தொடர்ந்தார். ஆஸ்திரேலியாவில் டாக்டர் கிரேயம் கிளார்க்கின் தந்தை மருந்துக் கடை வைத்திருந்தவர்; செவி மந்தமானவர். கடைக்கு வருவோர் சொல்வது காதில் விழாமல் தந்தை பட்ட சங்கடத்தை நேரில் கண்டு வளர்ந்த மகன், அதற்குப் பரிகாரம் தேடுவதையே வாழ்நாள் வேலையாக்கிக் கொண்டார். மின்கம்பியைச் சுருளுக்குள் எப்படி நுழைப்பது என்று தெரியாமல் திகைத்திருந்தபோது, 1977-ல் கடற்கரையில் கிடந்த ஒரு சங்குச் சிப்பிக்குள் புல்லிதழ்களைச் செலுத்திப் பார்த்தார். நுனி மெலிந்தும் அடி விறைத்தும் இருந்த புல் சுருளில் வளைந்து உட்சென்றது! 1978 ஆகஸ்டு 1-ந் தேதி மெல்போர்னில் அவர் முதல் சிகிச்சையை நடத்தினார். நம் மலேசியாவில் 1995-ல் தேசியப் பல்கலைக்கழகத்தார் இதைத் தொடங்கினர்.

சிகிச்சை பற்றி வீணான அச்சம் வேண்டாம். மயக்க மருந்து கொடுத்து, காதின் பின்புறம் கீறி, எலும்பில் வழி செய்து, மெல்லிய கம்பியைச் சுருளுக்குள் செலுத்துவார்கள். இரண்டு மூன்று மணி நேர வேலை. ஓரிரு நாளில் பெரும்பாலோர் வீடு திரும்புவர். சில நாள் வலியும் தலைசுற்றலும் இருக்கலாம். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் காயம் ஆறியபின், வெளிக்கருவியைப் பொருத்தி ஒலியைத் திறந்து விடுவார்கள். வெளிக்கருவி கழற்றி மாட்டக் கூடியதாகையால் உளூவுக்கும் குளிப்புக்கும் தடையில்லை. காயம் ஆறும்வரை தண்ணீர் படுவது குறித்து மருத்துவரையும் ஆலிம்களையும் கேட்டு நடக்க வேண்டும். மூளைக் காய்ச்சலுக்கான தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது.

ஒலி திறந்த அன்றே எல்லாம் கேட்டுவிடும் என்று எண்ணுவது தவறு. முதலில் கீச்சொலியாகவும் யந்திரக் குரலாகவுமே கேட்கும். மூளை பழகப் பழகவே அது சொல்லாகத் தெளியும். பேசத் தெரிந்தபின் செவி இழந்த பெரியவர்க்குச் சில மாதங்களில் பலன் தெரியலாம். பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு ஆண்டுக் கணக்கில் பயிற்சி வேண்டும். வீட்டார் தமக்கு நன்றாக வரும் மொழியில், அது தமிழாயினும் மலாயாயினும், நாள் முழுதும் குழந்தையோடு பேசிக் கொண்டே இருக்க வேண்டும். சிகிச்சையில் பாதி மருத்துவமனையில், மறுபாதி அடுப்பங்கரையில்!

இங்கேதான் நம்மவர் பெரும் நஷ்டம் அடைகிறார்கள். “இவன் வாப்பாவும் மூன்று வயதில்தான் பேசினார்” என்று சொல்லிப் பெரியவர்கள் காலத்தைக் கடத்துகிறார்கள். மொழியை வாங்கும் மூளையின் பருவமோ முதல் சில ஆண்டுகளே. ஒரு வயதை ஒட்டிச் செய்வதன் பலன் ஏழெட்டு வயதில் செய்வதால் கிட்டாது. கடையில் முதல் போனால் மறுபடி ஈட்டலாம். இந்தப் பருவம் போனால் எந்தப் பேரேட்டிலும் வரவு வைக்க முடியாது.

செவி நரம்பே இல்லாதவருக்கு இக்கருவி உதவாது. சிகிச்சையால், மிச்சமிருக்கும் சிறிதளவு இயற்கைக் கேள்வியும் போய்விடக் கூடும். கருவியைக் கழற்றினால் மீண்டும் மௌனமே. எனவே கைமொழியை இழிவாக எண்ண வேண்டாம். 1954-ல் நம் பினாங்கில் தோன்றிய செவிப்புலனற்றோர் பள்ளியில் வாய்ப்பேச்சே பயிற்றப்பட்டது; பிள்ளைகளோ வகுப்புக்கு வெளியே தமக்கெனக் கைமொழியொன்றை ஆக்கிக் கொண்டனர். பினாங்கு சைகை மொழி என்று அதற்குப் பெயர். 2008-ம் ஆண்டுச் சட்டம் மலேசிய சைகை மொழிக்கு அங்கீகாரமும் அளித்துவிட்டது.

செலவு பெரிதுதான். கருவி வாங்குவதோடு அது முடிவதில்லை. பேட்டரி, பழுது, சில ஆண்டுகளில் புது வெளிக்கருவி என்று தொடரும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்து ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இச்சிகிச்சை உண்டு. ஊரில் உறவினர் உள்ளோர் அவர்களுக்கு இதை எழுதித் தெரிவிக்கலாம்.

ஆகவே அன்பர்களே, குழந்தை பிறந்தவுடன் செவிப் பரிசோதனை செய்யுங்கள். கதவு சாத்தும் ஓசைக்குத் திரும்பாத குழந்தையை, ஒரு மாதமும் தாமதியாமல் பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். வசதியுள்ள வர்த்தகர்கள், தம் கடை ஊழியர் ஒருவரின் பிள்ளைக்கேனும் பேட்டரிச் செலவை ஏற்றுக் கொள்ளுங்கள். கேளாத செவிக்கு ஒரு சொல்லைச் சேர்ப்பித்தவர், ஒரு வாழ்வையே சேர்ப்பித்தவராவார்.