கந்தோருக்குத் தனியாகப் போகும் தங்கச்சிக்கு

இலஞ்சம் கேட்பவர்கள் நேரே கேட்க மாட்டார்கள், தங்கச்சி. "ஃபைல் கொஞ்சம் சுணங்கும்", "அவசரமெண்டால் ஒரு வழி பார்ப்பம்", "சந்தோசமா ஏதும் பார்த்துச் செய்யுங்கோ" என்றுதான் பேச்சு வரும். உன் அவசரத்தையும், சிங்களம் சரளமாக வராத கூச்சத்தையும் முகத்தில் பார்த்த பிறகுதான் வரும். ஆகவே அந்த இரண்டுக்கும் முதலில் வழி பண்ணு.

போவதற்கு முதல் நாள் 1919க்கு அழை. அது அரசாங்கத் தகவல் நிலையம், தமிழிலேயே பேசலாம். என்ன பத்திரங்கள் வேண்டும், கட்டணம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் மூலமும் கொப்பியும் எடுத்து வை. ஒரு கடதாசி குறைந்தால் போதும், பேரம் அங்கேதான் தொடங்கும்.

வெள்ளவத்தைக்காரருக்குத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம், கொட்டாஞ்சேனைக்காரருக்குக் கொழும்பு பிரதேச செயலகம். இரண்டுமே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. அங்கே தமிழில் எழுதிக் கொடுப்பதும் தமிழில் பதில் கேட்பதும் உன் உரிமை. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

பத்தரமுல்லை சுஹுருபாயவுக்குப் பாஸ்போட் எடுக்கவோ, வேரஹெரவுக்கு லைசன்ஸ் எடுக்கவோ போனால், "உள்ளுக்கு எனக்கு ஆள் இருக்கு" என்று சொல்லும் புரோக்கரை வாசலிலேயே சந்திப்பாய். உன் ஒரிஜினல் பத்திரங்களை அவன் கையில் கொடுக்கவே கொடுக்காதே. ஒரு நாள் சேவைக்கு அதிக கட்டணம் வாங்குவது சட்டப்படியானது, அதற்குப் பற்றுச்சீட்டு கிடைக்கும். பற்றுச்சீட்டு இல்லாத காசு எந்தப் பெயரில் கேட்கப்பட்டாலும் இலஞ்சம் என்றே எடுத்துக்கொள்.

யாராவது காசு கேட்டால் சத்தம் போடாதே. "ரிசிட் எகக் தென்ன புளுவந்த?" என்று அமைதியாகக் கேள், பற்றுச்சீட்டு தர முடியுமா என்று. பெரும்பாலும் பேச்சு அந்த இடத்திலேயே நின்றுவிடும். பத்திரம் குறைகிறது என்று திருப்பி அனுப்பினால், என்ன குறை என்று எழுதித் தரச் சொல். எழுத மறுத்தால் அவர் முன்னாலேயே நீ எழுது: திகதி, நேரம், கவுண்டர் இலக்கம், பெயர்ப்பட்டியில் உள்ள பெயர், அவர் சொன்ன வார்த்தைகள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விடாதே, பாதி மறந்து போகும்.

ஸ்கூட்டரில் போகும்போது டிராபிக் பொலிஸ் மறித்தால் தண்டப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு 14 நாட்களுக்குள் தபால் கந்தோரில் கட்டு. அதற்குமேல் அங்கே பேச ஒன்றுமில்லை.

"குடுத்திட்டு வா பிள்ளை, வீண் கரைச்சல்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களோடு கோபிக்காதே. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் இருந்த 376 தமிழரைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பியது. மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டுத்தான் அது நின்றது. பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடி என்று வாழ்ந்தவர்களுக்குக் காசு கொடுத்து விலகிப் போவது உயிரைக் காக்கும் வழியாகவே பட்டது. ஆனால் அந்தப் பயத்தை நீயும் சுமந்துகொண்டு ஒரு பிறப்புச் சான்றிதழ் கவுண்டரில் போய் நிற்கக்கூடாது என்றுதான் இவ்வளவும் சொல்கிறேன்.

ஃபைல் எங்கோ முடங்கிக் கிடந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். அவருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுது. "என் விண்ணப்பம் எந்தத் திகதியில் எந்த அலுவலரிடம் போனது, இப்போது யாரிடம் இருக்கிறது, இப்படியான விண்ணப்பத்தை முடிக்க எத்தனை நாள் என்பது உங்கள் விதி?" இவ்வளவும் கேட்டால் போதும். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கடிதம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்கு. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தரலாமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். கேட்டது தகவல்தான் என்றாலும், கோப்பை வைத்திருப்பவரின் பெயர் கடதாசியில் வரப்போகிறது என்று தெரிந்ததும் அந்தக் கோப்பு நகரும் வாய்ப்பு அதிகம்.

விடாமல் காசு கேட்டால், கொடுப்பதற்கு முதல் 1954க்கு அழை. இலஞ்ச ஊழல் ஆணைக்குழு, மலலசேகர மாவத்தை, கொழும்பு 7. கொடுத்த பிறகு போனால் உன் நிலை சிக்கலாகும், ஏனென்றால் கொடுப்பவரும் குற்றவாளிதான். முதலே சொன்னால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. கந்தளாய் சீனித் தொழிற்சாலை விடயமாக ஓர் இந்திய வர்த்தகர் முறையிட்டார். 2018 மே மாதம், கொழும்பு ஹோட்டல் ஒன்றின் வாகனத் தரிப்பிடத்தில், இரண்டு கோடி ரூபாய் வாங்கும்போதே ஜனாதிபதியின் பணிக்குழாம் பிரதானியும் அரச மரக் கூட்டுத்தாபனத் தலைவரும் பிடிபட்டார்கள். 2019 டிசம்பரில் ஒருவருக்கு 20 ஆண்டும் மற்றவருக்கு 12 ஆண்டும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வளவு உயரத்தில் இருந்தவர்களையே ஒரு முறைப்பாடு பிடித்தது. பொய் முறைப்பாடு மட்டும் செய்யாதே, அதுவும் குற்றம்.

இன்னொன்று. இதை அம்மாமார் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கையெழுத்துக்குப் பதிலாகக் காசு கேட்காமல், "பின்னேரம் தனியா வாங்கோ", "உங்கட நம்பரைத் தாங்கோ, நான் எடுக்கிறன்" என்று கேட்பவர்களும் உண்டு. முக்கியமாக, கணவன் காணாமல் போன, இறந்துபோன பெண்களிடம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. முறையிடுபவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பும் அதில் இருக்கிறது. அந்தக் குறுஞ்செய்திகளை அருவருப்பில் அழித்துவிடாதே, அவைதான் சாட்சி. அதே கந்தோருக்குத் தனியாகத் திரும்பிப் போகாதே. எனக்கு எடு. அன்றைக்கே லீவு போட்டுவிட்டு உன்னோடு கொழும்பு 7க்கு வருகிறேன்.