ரசமட்டமும் தடயவியல் உளவியலும்



சென்ற மாதம் நம் சங்க நூலகத்தில் ஒரு தகப்பனார் என்னைச் சந்தித்தார். மகள் உளவியலில் பட்டம் முடித்திருக்கிறாள். இங்கிலாந்து சென்று ஓராண்டு எம்.எஸ்ஸி. படித்தால் தடயவியல் உளவியலாளர் ஆகிவிடலாம் என்று யாரோ சொன்னார்களாம். ஊரிலுள்ள வீட்டை அடமானம் வைக்கலாமா என்பது அவருடைய கேள்வி. "படிப்பை முடிச்சா போதும்தானே மாமா?" என்று மகளும் கேட்டாள். நான் தண்டவாளம் பார்த்தவன். உளவியல் படித்தவன் அல்லன். ஆயினும் விசாரித்து அறிந்ததை மற்றப் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

போதாது என்பதே பதில். இங்கிலாந்தில் 'தடயவியல் உளவியலாளர்' என்பது சட்டப் பாதுகாப்புள்ள பெயர். 2009 ஜூலை முதல், சட்டப்படி அமைந்த பதிவு மன்றத்தில் பதியாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது. அந்தப் பதிவுக்குப் பொதுவான வழி மூன்று படிகளைக் கொண்டது. முதலாவது, பிரிட்டிஷ் உளவியல் சங்கம் ஏற்றுக்கொள்ளும் உளவியல் பட்டம். இரண்டாவது, தடயவியல் உளவியலில் எம்.எஸ்ஸி. மூன்றாவது, குறைந்தது இரண்டு ஆண்டுகள் மேற்பார்வையின் கீழ் வேலை. சில பல்கலைக்கழகங்கள் பின்னிரண்டையும் சேர்த்து முனைவர் படிப்பாகவும் நடத்துகின்றன.

மூன்றாவது படிதான் கடினமானது. பயிற்சியாளர் சிறையிலோ, பாதுகாப்பு மிகுந்த மனநல மருத்துவமனையிலோ பணியாற்றுவார். நான்கு வகை வேலையில் தேர்ச்சி காட்ட வேண்டும்: கைதிகளை மதிப்பிட்டுச் சிகிச்சை தருதல், ஆராய்ச்சி, பிற துறையினருக்கு ஆலோசனை கூறுதல், பிறருக்குப் பயிற்சி அளித்தல். நாட்குறிப்பு எழுத வேண்டும். பதிவு பெற்ற ஒருவர் மேற்பார்வையாளராக இருந்து, அறிக்கைகளைப் படித்துக் கேள்வி கேட்பார்.

இவ்வளவு கண்காணிப்பு எதற்கு என்று அந்தப் பெண் கேட்டாள். என் அனுபவம் ஒன்றைச் சொன்னேன்.

1982-ல் டிப்ளமா முடித்து அப்ரெண்டிஸாகச் சேர்ந்தேன். ஒருநாள் நேர்ப்பாதையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது இடப்பக்கத் தண்டவாளம் 6 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பதாகக் காட்டியது. கேங் ஆட்களைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைத் தூக்கி ஜல்லி அடிக்கச் சொல்லிவிட்டேன். அப்போது இன்ஸ்பெக்டர் வந்தார். "தம்பி, மட்டத்தைத் திருப்பி வெச்சுப் பாத்தியா?" என்றார். அதே இடத்தில் முனை மாற்றி வைத்தேன். இப்போது வலப்பக்கம் 6 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது! கோளாறு பாதையில் இல்லை. என் கையிலிருந்த மட்டத்தில் இருந்தது. அவர் வராதிருந்தால் நல்ல பாதையை நானே கெடுத்திருப்பேன்.

உளவியலாளரின் ரசமட்டம் அவருடைய மனம். ஒருவர் மீண்டும் வன்முறையில் இறங்குவாரா என்று கணிக்க ஹெச்.சி.ஆர்.-20 என்ற முறை பல நாடுகளில் பயன்படுகிறது. இதில் கடந்த காலம் பற்றி 10 அம்சங்கள், அண்மைய மனநிலை பற்றி 5, வருங்காலச் சூழ்நிலை பற்றி 5. மதிப்பெண்ணைக் கூட்டினால் விடை வந்துவிடாது. இறுதியில் மனிதர்தான் முடிவு சொல்ல வேண்டும். பணிவாகப் பேசும் கைதியிடம் இரக்கமும், முறைத்துப் பார்ப்பவனிடம் வெறுப்பும் இளம் பயிற்சியாளருக்குத் தோன்றத்தான் செய்யும். "இவன் மரியாதையாகப் பேசியிருந்தால் இதையே எழுதியிருப்பாயா?" என்று மேற்பார்வையாளர் கேட்பது மட்டத்தைத் திருப்பி வைப்பதுதான். அந்த அறிக்கையை பரோல் வாரியம் படிக்கிறது. தவறினால் ஒருவன் வீணாகச் சிறையில் கிடப்பான். அல்லது வெளியே ஓர் அப்பாவிக்குத் தீங்கு நேரும்.

அனுபவசாலிகளுக்கும் இந்தச் சோதனை தேவை. பாலியல் குற்றவாளிகளுக்கென இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் பல ஆண்டுகள் நடந்த ஒரு சிகிச்சைத் திட்டம் பற்றி 2017-ல் நீதி அமைச்சகம் ஆய்வறிக்கை வெளியிட்டது. திட்டத்தில் சேர்ந்தவர்களில் 10 சதவீதம் பேர் மீண்டும் பாலியல் குற்றம் செய்திருந்தனர். சேராத, அதே தன்மையுள்ள கைதிகளில் 8 சதவீதம். நல்லெண்ணத்தில் நடந்த திட்டம்தான், கைவிடப்பட்டது. நான்கு வேலைகளில் ஆராய்ச்சியும் ஒன்றாக இருப்பதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

நம் நாட்டிலும் இத்துறை உண்டு. காந்திநகரில் 2020 முதல் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் இயங்குகிறது. உண்மை கண்டறியும் சோதனைகளை எவர் மீதும் சம்மதமின்றி நடத்தக் கூடாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் இத்துறைக்கு வருகிற பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

கடன் வாங்குமுன் பெற்றோர் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் பெறுங்கள். நம் பட்டத்தை பிரிட்டிஷ் உளவியல் சங்கம் ஏற்குமா? அந்த எம்.எஸ்ஸி. அச்சங்கத்தின் அங்கீகாரம் பெற்றதா? படித்த பின் பயிற்சி வேலையும் மேற்பார்வையாளரும் கிடைக்க வழி என்ன, அதுவரை தங்க விசா உண்டா? மூன்றாவது கேள்வியை ஏஜெண்டுகள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

அடமானப் பத்திரம் இன்னும் எழுதப்படவில்லை. பெண் கடிதங்கள் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவள் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருப்பி வைத்துப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றுதான் சொன்னேன்.