மக்களைக் காக்க அந்நியப் படை வரலாமா?



சென்ற வாரம் தொழுகை முடிந்ததும் ஓர் இளைஞர் கேட்டார்: "ஹஜ்ரத், ஒரு நாட்டில் மக்கள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்படுகிறார்கள். காப்பாற்றப் போகிறோம் என்று வெளிநாட்டுப் படை நுழைகிறது. இதைச் சரி என்பதா, தவறு என்பதா?"

ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. மார்க்கம் தரும் அளவுகோலைப் பார்ப்போம்.

கைவிடுவது குற்றம்

பலவீனமான ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் ஓர் உதவியாளரைத் தரும்படி இறைவனிடம் கெஞ்சும்போது, அவர்களுக்காக நீங்கள் போராடாமல் இருப்பது ஏன் என்று திருக்குர்ஆன் (4:75) கேட்கிறது. நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்திற்கு முன்பே 'ஹில்ஃபுல் ஃபுளூல்' ஒப்பந்தத்தில் பங்கேற்றார்கள். அன்று ஏமாற்றப்பட்டவர் யமனிலிருந்து வந்த வியாபாரி. ஏமாற்றியவர் குறைஷிகளில் ஒரு பெரும்புள்ளி. ஆனாலும் அவர்கள் பாதிக்கப்பட்டவர் பக்கமே நின்றார்கள்.

போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவை ஐ.நா. 1993-இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. 1995 ஜூலையில் போஸ்னிய செர்பியப் படை உள்ளே வந்தபோது, அங்கிருந்த டச்சு அமைதிப்படை தடுக்கவில்லை. 8,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் இறுதியில் நேட்டோ விமானத் தாக்குதலைத் தீவிரப்படுத்தியது; அவ்வாண்டு முடிவதற்குள் டேட்டன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அங்கே தவறு, படை வந்தது அல்ல; தாமதமாக வந்தது.

தடுத்தால் மட்டும் போதாது

இப்போது லிபியாவைப் பாருங்கள். பொதுமக்களைக் காக்கத் தேவையான நடவடிக்கை எடுக்கலாம் என 2011 மார்ச் 17 அன்று பாதுகாப்பு சபை தீர்மானித்தது. பத்து நாடுகள் ஆதரித்தன. இந்தியா உட்பட ஐந்து நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. பெங்காசியை நெருங்கிய படை தடுக்கப்பட்டது. ஆனால் தாக்குதல் அத்தோடு நிற்கவில்லை. அக்டோபரில் கடாஃபி கொல்லப்பட்டார். அம்மாத இறுதியில் நேட்டோ தன் பணியை முடித்துக்கொண்டது. ஆயுதக் குழுக்களின் கையில் நாடு சிக்கியது. 2014-இல் மீண்டும் உள்நாட்டுப் போர்.

குர்ஆனின் 49:9 வசனம் தங்களுக்குள் சண்டையிடும் இரு முஃமின் கூட்டங்களைப் பற்றிப் பேசுகிறது. அதிலுள்ள வரிசை நமக்கும் பாடம். முதலில் சமாதானம். அதை மீறி வரம்பு கடப்பவரை எதிர்ப்பது. அதுவும் அவர் திரும்பும் வரை மட்டும். பிறகு நீதியுடன் சமாதானம் செய்து வைப்பது. லிபியாவில் எதிர்ப்பது நடந்தது, எல்லை மீறப்பட்டது, கடைசிப் படி கைவிடப்பட்டது.

நம் தராசு

ஆகவே அந்த இளைஞருக்கு என் பதில்: அநியாயக்காரனின் கையைப் பிடிக்க வருவது நியாயமே. அந்தச் சாக்கில் எண்ணெய்க்கும் ஆட்சிக்கும் கை நீட்டுவது அநியாயம். ஆனால் அந்தச் சந்தேகத்தையே காரணம் காட்டி, சாகிறவர்களைச் சாக விடுவதும் அநியாயமே.

சகோதரர்களே! கொல்பவர் பிற சமூகத்தவர் என்றால் கொதிக்கிறோம். நம் பெயர் தாங்கிய ஆட்சியாளர் என்றால் மௌனமாகிறோம். நமக்கே பாதகமானாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது அல்லாஹ்வின் கட்டளை (4:135). இறந்தவரின் தாய்க்கு இரண்டும் ஒரே கண்ணீர்தான்.

அநீதிக்குள்ளானோர் அனைவருக்கும் வல்ல ரஹ்மான் பாதுகாப்பைத் தருவானாக! நம்மை நீதியின் பக்கம் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.