குடும்பத்துக்கு ஒரே நாள்காட்டி

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு மணியைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் அந்த மணி ஒலித்ததும் லயத்து மக்கள் பெரட்டுக்களத்தில் கூடுவர். கிராணியார் செக்ரோல் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் வாசிப்பார். மணியும் ஒன்று, புத்தகமும் ஒன்று. ஆகவே, வேலைக்கு வந்தவர் யார், வராதவர் யார் என்பதில் ஐயம் எழ இடமில்லை. ஒரே தோட்டத்தில் மூன்று கிராணிமார் மூன்று புத்தகங்களில் தனித்தனியே எழுதியிருந்தால், சம்பள நாளன்று என்ன நேர்ந்திருக்கும்?

இன்று நம் இல்லங்களில் நேர்வது ஏறக்குறைய அதுவேயாகும். பட்டர்வொர்த்தில் வாழும் ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்வோம். தந்தை பிறைத் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை செய்கிறார். மகள் மூடா ஆற்றைக் கடந்து, கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறார். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். தோட்டத்திலிருந்து வந்து இவர்களுடன் தங்கியிருக்கும் பாட்டிக்கு நீரிழிவு நோய். பாட்டியின் கண் பரிசோதனை நாளைத் தாயார் தமது கைத்தொலைபேசியில் குறித்து வைத்தார். குறித்தது எல்லாருக்கும் தெரியும் என எண்ணினார். ஆனால் அக்குறிப்பு அவருடைய கருவியிலேயே தங்கிவிட்டது. மகள் அழைத்துச் செல்வாள் எனத் தாயார் நம்பியிருந்தார். மகளோ அச்செய்தியையே அறியாள். நாள் கடந்து போயிற்று.

இதனைச் சிறு தவறு என்று ஒதுக்கிவிட முடியாது. நீரிழிவு விழித்திரையைத் தாக்கும்போது தொடக்கத்தில் வலியும் இராது, பார்வை மங்கலும் தெரியாது. பரிசோதனை ஒன்றே அதனைக் காட்டிக் கொடுக்கும்.

பிழை எங்கே?

குடும்பத்தில் ஐந்து கைத்தொலைபேசிகள் இருந்தால் ஐந்து நாள்காட்டிகள் இருப்பதாக நாம் கருதுகிறோம். அப்படிக் கருதுவதே பிழையின் வேர். நாள்காட்டி ஒன்றே இருத்தல் வேண்டும். அது இணையத்தின் வழியே ஒரு பொதுவான கணக்கில் வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொருவர் கையிலுள்ள கருவியும் அதனைப் பார்க்கவும் எழுதவும் உதவும் ஒரு சன்னல் மட்டுமே.

வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்குப் பொது விதிகள் உள்ளன. நாள் குறிப்புகளை எழுதும் முறையை வகுத்த ஐகேலண்டர் என்னும் விதி 1998-ஆம் ஆண்டிலும், அவற்றைக் கருவிகளுக்கிடையே பரிமாறும் கால்டாவ் என்னும் விதி 2007-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இவ்விதிப்படி ஒவ்வொரு குறிப்புக்கும் தனி அடையாள எண் உண்டு. நேரத்தை மாற்றினாலும் அவ்வெண் மாறாது. ஆதலால் கருவி பழைய குறிப்பையே திருத்துகிறது. புதிதாக இன்னொன்றைச் சேர்ப்பதில்லை. பழையதை விட்டுவிட்டு நாமே மற்றொன்றை எழுதினால்தான் ஒரே நிகழ்ச்சி இரண்டு நாட்களில் தோன்றிக் குழப்பும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, பொதுக் கணக்கு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் அனைவரிடமும் ஆப்பிள் கருவிகளே இருந்தால் அந்நிறுவனத்தின் குடும்ப நாள்காட்டி போதும். ஆண்ட்ராய்டும் ஆப்பிளும் கலந்திருந்தால், 2006-ஆம் ஆண்டு தொடங்கிய கூகுள் நாள்காட்டி இரண்டிலும் இயங்கும்.

இரண்டாவதாக, எழுதும் உரிமையைக் கவனியுங்கள். பகிரும்போது "பார்க்க மட்டும்" என்றும் "மாற்றம் செய்யலாம்" என்றும் இருவகை உரிமைகள் உள்ளன. பெரியவர்களுக்கு இரண்டாவதையும், சிறு பிள்ளைகளுக்கு முதலாவதையும் அளிக்கலாம்.

மூன்றாவதாக, குறிப்பைச் சேமிக்குமுன் அது எந்த நாள்காட்டியில் விழுகிறது என்று பாருங்கள். நம் உதாரணத்தில் தாயார் தவறவிட்ட படி இதுவே. கருவியின் சொந்த நாள்காட்டியில் எழுதியது பிறருக்குச் செல்லாது. குடும்ப நாள்காட்டியே முதலில் தோன்றும்படி அமைத்துக்கொள்வது நலம்.

நான்காவதாக, இணையத் தொடர்பு இல்லாத இடத்தில் எழுதியது தொடர்பு கிடைக்கும்வரை கருவியிலேயே காத்திருக்கும். முக்கியமான குறிப்பை எழுதியபின், மற்றொருவர் கருவியில் அது வந்துவிட்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையும்

பட்டர்வொர்த் குடும்பங்களுக்கு இன்னும் ஒரு சிக்கல் உண்டு. பினாங்கு மாநிலத்தில் வார ஓய்வு சனி, ஞாயிறு. கெடாவில் அரசாங்க அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளி, சனி. ஜார்ஜ்டவுன் 2008-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அந்நாள் பினாங்கில் பொது விடுமுறை. கெடாவில் வேலை நாள். எனவே "ஞாயிறுதானே, மகள் ஓய்வாக இருப்பாள்" என்று ஊகிப்பது தவறாகும். அவரவர் ஓய்வு நாளையும் தந்தையின் ஷிப்டையும் வெவ்வேறு நிறத்தில் பொது நாள்காட்டியில் குறித்தால், பாட்டியை யார் அழைத்துச் செல்ல இயலும் என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

நேரமும் திதியும்

1982-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் 30 நிமிடம் முன்னே நகர்த்தப்பட்டன. அன்றுமுதல் சபா, சரவாக் மாநிலங்களுடன் நாடு முழுவதும் ஒரே நேரம் வழங்கி வருகிறது. சிங்கப்பூரும் அதே நேரத்தைப் பின்பற்றுவதால் அங்குள்ள மகனுக்குக் குழப்பமில்லை. தமிழ்நாட்டிலோ நேரம் நமக்கு இரண்டரை மணி பின்தங்கியது. பிறந்த நாளை இங்கே நள்ளிரவு 12 மணி என்று குறித்தால், சென்னையிலுள்ள உறவினர் கருவியில் அது முந்திய நாள் இரவு 9.30 எனத் தோன்றும். அத்தகைய நாட்களை "முழு நாள்" என்றே குறிக்க வேண்டும்.

தாத்தாவின் திதியை "ஆண்டுதோறும்" என்று அமைத்துவிடக் கூடாது. பன்னிரண்டு சந்திர மாதங்கள் கூடினால் ஏறக்குறைய 354 நாட்களே. ஆகையால் திதி ஆண்டுக்கு ஆண்டு ஆங்கிலத் தேதியில் இடம் மாறும். பஞ்சாங்கம் பார்த்து ஆண்டுக்கொருமுறை புதிதாகக் குறிப்பதே முறை. தமிழ்நாட்டு நேரப்படி கணித்த பஞ்சாங்கமாயின், திதி தொடங்கும் நேரத்துடன் இரண்டரை மணியைக் கூட்டிப் பார்க்கவும்.

பயிற்சி

இன்றிரவு உணவு முடிந்ததும் குடும்பத்தார் ஒன்றாக அமருங்கள். மருத்துவமனை தந்த தவணை அட்டையை எடுத்து, அதிலுள்ள நாளை ஒருவர் பொது நாள்காட்டியில் எழுதட்டும். மற்றவர்கள் தத்தம் கருவியில் அதைத் தேடட்டும். பின்னர் இன்னொருவர் நேரத்தை மாற்றிப் பார்க்கட்டும். மாற்றம் எல்லார் கருவியிலும் தெரிகிறதா எனக் கண்டபின், அட்டையிலுள்ள நேரத்தையே மீண்டும் எழுதிவிடுங்கள். யாரேனும் ஒருவர் கருவியில் தெரியாவிடில், மேலே கூறிய நான்கு படிகளையும் அங்கே சரிபாருங்கள். கைத்தொலைபேசி இல்லாத பாட்டிக்காகச் சுவர் நாள்காட்டியிலும் அந்நாளை வட்டமிடுங்கள்.

கருவி நினைவூட்டும், கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டியவர்கள் நாமே. ஆதலால், குறிப்பின் கீழே "உடன் செல்பவர்" யார் என்பதையும் ஒரு பெயராக எழுதிவைப்போமாக.