வளையல் விற்றால் லாபமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்!



நம்ம பள்ளியில் இப்போது யார் கையைப் பார்த்தாலும் பட்டுநூல் வளையல்தான். நிறைய பேர் செய்யக் கற்றுக்கொண்டு ஊருக்குள் விற்கவும் செய்கிறார்கள். "ஜோடி 50 ரூபாய், சாமான் 28 ரூபாய், மீதி 22 ரூபாய் லாபம்" என்கிறார்கள். இது சரியா என்பதுதான் இன்றைய பாடம்.

வளையல், நூல், பசை, கல் எல்லாம் சேர்த்து 28 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். சாமான் வாங்க மலையை விட்டு இறங்கித் துறையூரோ திருச்சியோ போகணும். போக வர 120 ரூபாய், வாங்கியது 30 ஜோடிக்கு வரும் என்றால் ஜோடிக்கு 4 ரூபாய். பத்தில் ஒன்று பசை வழிந்து வீணாகும், அதற்கு 3 ரூபாய். ஆக 35. மிச்சம் 15 ரூபாய்தான். நூல் சுற்றிக் கல் ஒட்ட ஒன்றரை மணி நேரம் ஆகிறதே! அப்படியென்றால் மணிக்கு 10 ரூபாய். லாபம் என்று நினைத்தது கூலிக்கே பத்தவில்லை.

மணிக்கு 40 ரூபாய் கூலி வைத்தால் விலை 95 ஆகணும். லாபம் அதற்கும் மேல்.

"95 ரூபாய்க்கு யாரு வாங்குவாங்க?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பதில் நம்ம மாவட்டத்திலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் திருச்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் செயற்கை வைரக்கல் பட்டை தீட்டுவது பெரிய குடிசைத் தொழில். பெண்கள் பலர் வீட்டிலேயே செய்தார்கள். கல்லைக் கொடுப்பவர் வியாபாரி, திரும்ப வாங்குபவரும் வியாபாரி, கூலி கல் கணக்கில். பிறகு சீனாவிலிருந்து இயந்திரத்தில் தீட்டிய கற்கள் மலிவாக வந்து குவிந்தன. ஆயிரக்கணக்கானோர் வேலை போயிற்று. கைத்திறமை குறையவில்லை, ஆனால் விலை அவர்கள் கையில் இல்லை. நம்ம மரவள்ளிக் கிழங்குக்கு ஆலைக்காரர் விலை சொல்கிற மாதிரிதான்!

துவாக்குடி பக்கம் தேவராயநேரியில் வாழும் நரிக்குறவர்களைப் பாருங்கள். பாசிமணியைத் தாங்களே கோத்து, கோயில், திருவிழா என்று தாங்களே கொண்டுபோய் விற்கிறார்கள். வாங்குபவர் என்ன நிறம் கேட்கிறார் என்று அவர்களுக்கு நேரடியாகத் தெரியும்.

அதனால் கடையில் தொங்கும் வளையலோடு மலிவில் போட்டி போடாதீர்கள். கல்யாணத்துக்குச் சேலை எடுத்த அக்கா, அதே நிறத்தில், தன் கை அளவுக்குக் கேட்கிறார் என்றால் அங்கே இயந்திர வளையல் வராது. முன்பணம் வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள். கடன் சொல்லும் சொந்தக்காரர்களைத் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள் (அந்தப் பக்கம்தான் சீக்கிரம் நிரம்பும்!).

வேலியோரக் குன்றிமணியில் மாலை செய்யலாமே என்று சிலர் கேட்டார்கள். அழகுதான், அந்தக் காலத் தட்டார்கள் பொன் நிறுத்ததும் அதை வைத்துத்தான். ஆனால் உள்ளே இருப்பது கொடிய விஷம். துளை போடவே கூடாது, சின்னப் பிள்ளைகள் வாயில் வைத்தால் ஆபத்து.

தொழில் கொஞ்சம் வளர்ந்தால் அம்மா பெயரில் 'உத்யம்' பதிவு செய்யலாம். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்தால், குழுப் பொருட்காட்சியில் மேஜை கிடைக்குமா என்று அடுத்த கூட்டத்திலேயே கேட்கச் சொல்லுங்கள்.