வானத்தில் ஒரு கடிகாரம்

விழிஞ்சம் கலங்கரை விளக்கத்தை இரவில் பார்த்திருக்கிறீர்களா? அதன் ஒளி சுற்றிச் சுற்றி வரும். நம் பக்கம் திரும்பும்போது பளிச்சென்று தெரியும். பிறகு மறையும்.

வானத்திலும் இப்படிச் சுழலும் விளக்குகள் உண்டு. அவற்றின் பெயர் பல்சார். தமிழில் துடிவிண்மீன் என்பார்கள். பெரிய விண்மீன் ஒன்று வெடித்த பிறகு மிஞ்சும் உருண்டை இது. குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனால் எடை சூரியனை விட அதிகம்! இது சுழன்றுகொண்டே ரேடியோ அலைகளை வீசுகிறது. அலை பூமியின் பக்கம் திரும்பும்போதெல்லாம் நமக்கு ஒரு துடிப்பு கிடைக்கிறது.

1967-ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் ஜோசலின் பெல் என்ற மாணவி முதல் பல்சாரைக் கண்டார். அவருக்கு வயது 24. ரேடியோ தொலைநோக்கியின் கருவி காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காகிதங்களை அவர் பொறுமையாகப் பார்த்து வந்தார். ஒரு சிறு கிறுக்கல் கண்ணில் பட்டது. அதுதான் பல்சாரின் துடிப்பு.

பல்சார் நேரம் தவறாது. நல்ல கடிகாரம் போன்றது. அந்தக் கடிகாரம் பிசகினால்?

ஒரு பால்காரர் தாமதமாக வந்தால், அவருடைய சைக்கிள் பழுதாகியிருக்கலாம். ஊரின் பால்காரர்கள் எல்லோருக்கும் நேரம் மாறினால்? வழியில் ஏதோ நடந்திருக்கிறது.

வானத்திலும் அப்படித்தான். மாபெரும் கருந்துளைகள் இரண்டு ஒன்றையொன்று சுற்றும்போது ஈர்ப்பு அலைகள் பரவுகின்றன. குளத்தில் கல் விழுந்தால் அலை பரவுமே, அதுபோல. அந்த அலைகளால் பல பல்சார்களின் துடிப்புகள் ஓர் ஒழுங்கோடு சற்று முந்தும், சற்றுப் பிந்தும். எவ்வளவு? ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்காக்கினால், அதில் ஒரு பங்கை விடக் குறைவு! அதோடு, இந்த அலை ஒருமுறை ஏறி இறங்கவே பல ஆண்டுகள் ஆகும். ஒரு மாதம் பார்த்தால் போதாது. ஆண்டுக்கணக்கில் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும்.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. புனே அருகே கோடாட் கிராமத்தைச் சுற்றி 30 பெரிய கிண்ணங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் அகலமும் 45 மீட்டர். இவை எல்லாம் சேர்ந்து ஒரே ரேடியோ தொலைநோக்கி. இதை உருவாக்கத் தலைமை தாங்கியவர் கோவிந்த் ஸ்வரூப். அதற்கு முன்பே, 1970-இல், ஊட்டி மலைச்சரிவிலும் ஒரு தொலைநோக்கியை அமைத்தவர் அவர்.

விண்வெளியில் மின்துகள்கள் மெல்லிய மூடுபனி போலப் பரவியுள்ளன. அவற்றைக் கடக்கும்போது துடிப்பு தாமதமாகிறது. நீண்ட அலைகள் கூடுதலாகத் தாமதமாகும். இந்தத் தாமதத்தைக் கழித்தால்தான் கணக்கு சரியாகும். நீண்ட அலைகளைப் பிடிப்பதில் புனே தொலைநோக்கி சிறந்தது.

2023 ஜூன் 29 அன்று, ஐரோப்பியக் குழுவும் இந்தியக் குழுவும் சேர்ந்து ஒரு செய்தி வெளியிட்டன. 25 பல்சார்களைப் பற்றிய சுமார் 25 ஆண்டுக் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். ஈர்ப்பு அலைகளுக்குச் சான்று தெரிந்தது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சீனா நாட்டுக் குழுக்களும் அப்போது தங்கள் முடிவுகளை வெளியிட்டன.

தொலைநோக்கியை இன்று புதிதாகக் கட்டலாம். ஆனால் போன ஆண்டின் துடிப்பை இன்று கேட்க முடியாது. அன்றே கேட்டு எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

பதில் சொல்லுங்கள்:
1. பல்சாரை ஏன் கலங்கரை விளக்கத்தோடு ஒப்பிடுகிறோம்?
2. ஒரே ஒரு பல்சாரை மட்டும் பார்த்தால் ஏன் போதாது?
3. உங்கள் வீட்டில் ஆண்டுக்கணக்கில் எழுதி வைக்க வேண்டிய கணக்கு எது? இன்றே முதல் வரியை எழுதுங்கள்.